வாயைக் கட்டிய பதினாறு வருடம்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நாத்தனார் வீட்டில் பூஜை. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மேடு ஏறி இறங்கினால் அவர்கள் வீடு. கோவிந்தா போட்டு, கற்பூரம் காட்டி முடிந்ததும் வாழையிலை விரித்தார்கள். சாதம், பருப்பு, பூசணிக்காய்க் கறி, டபுள் பீன்ஸ், கீரை, ரசம், வடை, பாயசம். எங்கள் குடும்பத்தில் இலையில் மிச்சம் வைத்தால் சமைத்தவருக்கு மனசு நோகும். நான் பாதிச் சாதத்திலேயே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் இறங்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அக்கா என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் சமையல் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர். அறுபத்தைந்து வயது இருக்கும். கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து காதோடு கேட்டார்: "நீயும் அந்த ஊசியா?"

சர்க்கரைக்கும் எடைக்கும் வாரம் ஒன்று போடும் ஓசெம்பிக் வகை ஊசியைத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நானும்தான். ஏழு மாசமாச்சு. வீட்டில் யாருக்கும் தெரியாது. என் மகளுக்கே தெரியாது" என்றார். அவர் பேசியது ஆங்கிலத்தில். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தவர்கள் இங்குள்ள தமிழர்கள். தமிழ் கோயிலிலும் பாட்டிலும் உறவுமுறைப் பெயர்களிலும் தங்கியிருக்கிறது. பேச்சு ஆங்கிலமாகிவிட்டது. "அக்கா" என்று நான் கூப்பிடுவது மட்டும் அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலை தென்காசியிலிருந்து என் சொந்த அக்காவின் போன். எனக்கு ஆறரை, அவளுக்குப் பத்து மணி. "ஏட்டி, எங்க டாக்டரம்மா வாரத்துக்கு ஒரு ஊசின்னு என்னமோ சொல்லுதாங்க. பக்கத்து வீட்டுல அது பல்லி விஷம்ங்காங்க. போடலாமா, வேண்டாமா?"

ஒருவர் போட்டுக்கொண்டு மறைக்கிறார். இன்னொருத்தி போடுவதற்கு முன்பே பயப்படுகிறாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பேனா போல இருக்கும் அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பவள். ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறேன். தெரியாமல் ஒரு பொருளை உடம்பில் ஏற்ற எனக்கு மனம் வராது. அதனால் படித்தேன், டாக்டரிடம் கேட்டேன், மறுபடி படித்தேன். அக்காவுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

கல்யாணமாகி 1999இல் டர்பன் வந்தேன். 2003இல் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சர்க்கரை ஏறியது. பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது. நானும் மறந்துவிட்டேன். கர்ப்பத்தில் வந்து போகும் சர்க்கரை, பின்னால் நிரந்தரமாக வரலாம் என்பதற்கு ஒரு முன்னறிவிப்பு என்று அன்று எனக்குத் தெரியாது. 2008இல் டைப் 2 சர்க்கரை நோய் என்று உறுதியானது. மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்பித்தார்கள். சில வருடம் கழித்து க்ளிக்லசைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தது.

அன்றிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் "வாயைக் கட்டு" என்பதுதான். டாக்டர் சொன்னார், என் அத்தை, அதாவது மாமியார் சொன்னார், ஊரிலிருந்து அம்மா போனில் சொன்னாள். கட்டினேன். சாதத்தை ஒரு கரண்டியாகக் குறைத்தேன். டீயில் சர்க்கரையை விட்டேன். சாயங்காலம் மேட்டில் ஏறி இறங்கி நடந்தேன். மூன்று மாதத்தில் நாலு கிலோ குறையும். அப்புறம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு, எல்லாரும் தூங்கிய பிறகு, சமையலறை அலமாரியில் இருக்கும் ரஸ்க் டப்பா நினைவுக்கு வரும். ஒன்று எடுப்பேன். அடுத்த நாளும் நினைவு வரும். ஆறு மாதத்தில் அந்த நாலு கிலோ ஐந்தாகத் திரும்பி வந்திருக்கும். இதே கதை பதினாறு வருடத்தில் எத்தனை தடவை நடந்தது என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் என்னைத்தான் குறை சொன்னேன். 2023 கடைசியில் 89 கிலோ, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6.

அத்தைக்கும் சர்க்கரைதான். சர்க்கரையால் இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அந்தக் காலுக்கு நான்தான் தினமும் கட்டு மாற்றினேன். அந்தக் காலைப் பார்த்தபடியே ராத்திரி ரஸ்க் டப்பாவைத் திறந்தவள் நான். இது பயமில்லாததால் வருவது இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

சரி, ஊசிக்கு வருகிறேன்.

நாம் சாப்பிட்டதும் உணவு சிறுகுடலுக்கு இறங்குகிறது. குடல் வெறும் குழாய் என்றுதான் நினைத்திருந்தேன். அதன் சுவரில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. உணவு வந்து பட்டதும் அவை ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. கோயில் அன்னதானத்தில் பந்தி பரிமாறுகிறவர் சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பாரே, அதுபோல. கணையத்துக்கு ஒரு குரல்: சாப்பாடு வந்துவிட்டது, இன்சுலின் அனுப்பு. அதே கணையத்துக்கு இன்னொரு குரல்: குளுக்ககானைக் குறை. குளுக்ககான் என்பது, சேர்த்துவைத்த சர்க்கரையை வெளியே விடு என்று கல்லீரலை ஏவும் ஹார்மோன். இரைப்பைக்கு: மெதுவாக இறக்கு. கடைசியாக மூளைக்கு: போதும், இலையை மடி.

நான் முதலில் கவனிக்காமல் விட்ட ஒரு நுணுக்கம் இதில் இருக்கிறது. கணையத்துக்குப் போகும் அந்த முதல் குரல், ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான் இன்சுலினைக் கூட்டுகிறது. சர்க்கரை சரியான அளவுக்கு வந்ததும் குரல் அடங்கிவிடும். க்ளிக்லசைடு அப்படி இல்லை. சர்க்கரை குறைவாக இருந்தாலும் அது கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும். இந்த வித்தியாசம் எனக்கு எப்படிப் புரிந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

குடல் இப்படிப் பேசுகிறது என்பது 1960களிலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒரே அளவு குளுக்கோஸை வாயால் கொடுத்தால் சுரக்கும் இன்சுலின், நரம்பில் ஏற்றினால் சுரப்பதைவிட அதிகம். அப்படியானால் வழியில் குடல் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னது என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் இருபது வருடம் பிடித்தது. 1980களில் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹேபனர், குளுக்ககானின் மரபணுவை ஆராய்ந்தபோது அதற்குள்ளேயே இன்னொரு ஹார்மோனுக்கான செய்தி ஒளிந்திருப்பதைப் பார்த்தார். அதில் எந்தத் துண்டு உண்மையில் வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்வெட்லானா மோய்சோவ் என்ற பெண் வேதியியலாளர். அதே காலத்தில் கோபன்ஹேகனில் ஜென்ஸ் ஹோல்ஸ்ட்டின் குழுவும் இதைக் கண்டது. மோய்சோவின் பெயரை வெகுகாலம் அதிகம் பேர் சொல்லவில்லை. 2024இல் ஹேபனரோடும், இதை மருந்தாக்கிய லோட்டே நுட்சனோடும் சேர்த்து அவருக்கும் லாஸ்கர் என்ற பெரிய மருத்துவ விருதைக் கொடுத்தார்கள். என் வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், நம் குடல் விடும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். டிபிபி-4 என்ற நொதி அதை வெட்டிப்போடும். அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இங்கேதான் அக்காவின் பல்லி வருகிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் ஹீலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப் பல்லி உண்டு. நியூயார்க்கில் ஜான் எங் என்ற மருத்துவர் 1990களின் தொடக்கத்தில் அதன் விஷத்தில் ஒரு புரதத்தைக் கண்டார். அது நம் ஜிஎல்பி-1 செய்யும் வேலையையே செய்தது, ஆனால் சீக்கிரம் சிதையவில்லை. அதைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த மருந்துதான் எக்ஸெனடைட். 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு நாளைக்கு இரண்டு ஊசி. ஆகவே பக்கத்து வீட்டம்மா சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மருந்துக்காகக்கூடப் பல்லியைப் பிடித்துக் கறக்கவில்லை. அக்காவின் டாக்டரம்மா சொல்லும் மருந்துக்கும் பல்லிக்கும் சம்பந்தமே இல்லை.

நான் போடும் செமாக்ளூடைட் மனித ஹார்மோனையே கொஞ்சம் மாற்றிச் செய்தது. நொதி வெட்டும் இடத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றியிருக்கிறார்கள். கூடவே ஒரு கொழுப்பு அமிலத்தைக் கோத்துவிட்டிருக்கிறார்கள். அந்தக் கொழுப்பு ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அதனால் மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. வாரம் ஒரு ஊசி போதும் என்பது இதனால்தான். ஓசெம்பிக், வெகோவி இரண்டுக்குள்ளும் இருப்பது இதே செமாக்ளூடைட்தான். முதலாவது சர்க்கரைக்கு, இரண்டாவது எடைக்கு என்று அளவும் அனுமதியும் வேறு. ரைபெல்சஸ் அதன் மாத்திரை வடிவம். வெறும் வயிற்றில் அரை டம்ளருக்கு மேல் போகாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. காலையில் எழுந்ததும் காபி தேடுகிறவர்களுக்கு இது சிரமம்தான். மவுஞ்சாரோ வேறு மருந்து, டிர்ஸெபடைட். அது ஜிஎல்பி-1 மட்டுமில்லாமல் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் குரலிலும் பேசுகிறது. இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் வந்தன. அதனால்தான் தென்காசி வரை பேச்சு போயிருக்கிறது.

புரட்டாசி விரதக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதில் மாடு, பன்றி ஏதாவது இருக்கிறதா? நியாயமான கேள்வி. அந்தக் காலத்து இன்சுலின் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. அதைத் தெரிந்து கண்ணீரோடு போட்டுக்கொண்ட பெரியவர்கள் இருந்தார்கள் என்று அத்தை சொல்லுவார். 1982இலிருந்து மனித இன்சுலினையே நுண்ணுயிர்களைக் கொண்டு செய்து விற்க ஆரம்பித்தார்கள். செமாக்ளூடைட் ஊசிக்கு அடிப்படையான புரதம் ஈஸ்டில் வளர்க்கப்படுகிறது. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட் வகை.

என் டாக்டர் 2023 ஜூனிலேயே எழுதிக்கொடுத்தார். கிடைக்கவில்லை. உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. எடை குறைக்க நினைத்தவர்களும் ஓசெம்பிக்கை வாங்கிக் குவித்த நேரம் அது. மருந்துக்கடையில் பெயரை எழுதிவைத்துவிட்டு எட்டு மாதம் காத்திருந்தேன். மெடிக்கல் எய்டும், அதாவது மருத்துவக் காப்பீடும், முதலில் மறுத்தது. டாக்டர் இரண்டு தடவை கடிதம் எழுதிய பிறகுதான் ஒரு பகுதி கொடுத்தார்கள். அப்போது மாதம் ஆயிரம் ராண்டுக்கு மேல் போன மருந்து. அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் எங்கள் தெருக்காரர்களுக்கு இது எட்டாது என்பது எனக்குத் தினமும் உறுத்துகிறது. 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் செமாக்ளூடைடையும் டிர்ஸெபடைடையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சர்க்கரையோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, உடல் பருமனும் சேர்ந்திருப்பவர்களுக்காக. பட்டியலில் ஏறியது சாட்ஸ்வொர்த் கிளினிக் வாசலுக்கு வந்து சேரும் நாளை எதிர்பார்க்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் கண் பரிசோதனைக்கு அனுப்பினார். ஏன் என்று கேட்டேன். சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரையில் கோளாறு இருந்தால் அது கொஞ்ச காலம் மோசமாகலாம் என்றார். தைராய்டைப் பற்றியும் கேட்டார். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் பலருக்குத் தைராய்டு மாத்திரை உண்டு, அவர்கள் பயந்துபோகிறார்கள். தைராய்டைப் பொறுத்தவரை, மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தால்தான் இந்த ஊசி கூடாது. அது அபூர்வமானது. சுரப்பு குறைந்து மாத்திரை சாப்பிடுவது வேறு விஷயம்.

முதல் நாலு வாரம் 0.25 மில்லிகிராம். இந்த அளவு சர்க்கரைக்காக இல்லை, வயிறு பழகுவதற்காக. அப்புறம் 0.5. நாலு மாதம் கழித்து 1. வயிற்றுத் தோலில் போடுவது கொசுக்கடி அளவுகூட இல்லை. குமட்டல் இருந்தது, அதிலும் அளவு கூடிய முதல் வாரத்தில். எண்ணெயில் பொரித்தது சாப்பிட்டால் ராத்திரி முழுக்க நெஞ்சிலேயே நிற்கும். மலச்சிக்கலும் வந்தது. இரைப்பை மெதுவாக இறக்குகிறது என்று தெரிந்திருந்ததால் பயப்படவில்லை. சிறிய கவளம், மெதுவாக, ராத்திரி எட்டு மணிக்கு முன்பு. தண்ணீர் மறக்காமல். ஆனால் மேல்வயிற்றில் முதுகுவரை ஊடுருவும் கடும் வலி விடாமல் வந்தால் அது குமட்டல் கணக்கில் சேராது. கணையமோ பித்தப்பையோ வீங்கியிருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கடைக்காரர் முகம் மங்கலாகிவிட்டது. பையில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருந்தது. 3.1. நம் ஊர் மில்லிகிராம் கணக்கில் 56, ரொம்பக் குறைவு. கரும்புச் சாறு விற்பவர் ஒரு டம்ளர் கொடுத்துப் பெட்டிமேல் உட்காரவைத்தார். நடந்தது இதுதான்: சாப்பாடு பாதியாகிவிட்டது, புதிய ஊசி வேலை செய்கிறது, பழைய க்ளிக்லசைடோ முன்போலவே கணையத்தைப் பிழிந்துகொண்டிருக்கிறது. டாக்டர் அதைப் பாதியாக்கி, ஒரு மாதத்தில் நிறுத்தினார். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஊசி ஆரம்பிக்கும் அன்றே பழைய மருந்துகளின் அளவைப் பற்றிக் கேளுங்கள். நானாகக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்த விஷயம்.

ஐந்தாவது வாரம் இருக்கும். ராத்திரி பத்தரைக்கு விளக்கணைக்கச் சமையலறைக்குப் போனேன். அலமாரியைத் தாண்டி வந்து படுத்த பிறகுதான் உறைத்தது, ரஸ்க் டப்பா நினைவே வரவில்லை. என்னைக் கட்டுப்படுத்திக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. கட்டுப்படுத்த அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ நிறுத்தியதுபோல ஒரு அமைதி. படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பயந்து எழுந்துவிட்டார்.

எதற்கு அழுதேன் என்று அவருக்குச் சொல்ல எனக்குச் சில நாள் ஆனது. என் புத்தி ஒன்றும் ஒரு மாதத்தில் மாறவில்லை. என் பக்தி, வைராக்கியம், பயம் எல்லாம் அப்படியேதான் இருந்தன. மாறியது ஒரு ஹார்மோனின் அளவு மட்டும். அப்படியென்றால் பதினாறு வருடம் வாயைக் கட்ட முடியாமல் போனதும் என் குணக்கேடு இல்லை. என் உடம்பு மூளைக்கு "போதும்" என்று சொல்லவேண்டிய குரல் எட்டாமலே இருந்திருக்கிறது. எடை குறைந்தால் பசியைக் கூட்டி, செலவைக் குறைத்து, பழைய எடைக்கே இழுப்பது உடம்பின் இயல்பு. பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பாற்றிய இயல்பு அது. அதோடு நான் வெறுங்கையால் சண்டை போட்டிருக்கிறேன். அத்தை இருந்திருந்தால் அவரிடம் இதைச் சொல்லியிருப்பேன். அவரையும் எல்லாரும் வாயைக் கட்டச் சொல்லித்தான் திட்டினார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

கைகழுவும் இடத்தில் அந்த அக்கா கிசுகிசுத்ததும் இதனால்தான். ஊசி போட்டால் "குறுக்கு வழி" என்பார்கள் என்ற பயம். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுவதை யாரும் குறுக்கு வழி என்று சொல்வதில்லை.

என் கணக்கு இதோ: பதினான்கு மாதத்தில் 89 கிலோ 81 ஆனது. எச்பிஏ1சி 6.7. டிவியில் வரும் நடிகைகளைப்போல இருபது, முப்பது கிலோ இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு எடை குறைவது கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வெகோவி அளவில் சர்க்கரை இல்லாத 1,961 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், மருந்து போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் சுமார் 15 சதவீதம் குறைந்தது. சர்க்கரை உள்ளவர்களிடம் அதே அளவில் நடத்தியபோது 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. என் டாக்டர் அதைவிட முக்கியமாகச் சொன்னது வேறு. இதய நோயும் கூடுதல் எடையும் உள்ள, சர்க்கரை இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. தராசு முள்ளைவிட எனக்கு இது பெரிது. சர்க்கரையோடு சிறுநீரகக் கோளாறும் இருப்பவர்களுக்கும் இது சிறுநீரகத்தைக் காக்கிறது என்று 2024இல் வந்த ஆய்வு காட்டியது.

குறையும் எடையில் கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் போகிறது. எனக்கு இது படியில் தெரிந்தது. அரிசி மூட்டையோடு வீட்டுப் படி ஏறும்போது தொடை நடுங்கியது. கொஞ்சமாகச் சாப்பிடும்போது அந்தக் கொஞ்சத்தில் முதலில் பருப்பு, சோயா, முட்டை, மீன், தயிர். சாதம் கடைசியில். வாரம் மூன்று நாள் இரண்டு லிட்டர் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பித் தூக்குகிறேன். வயதானவர்கள் இதை விட்டுவிட்டால் மெலிவார்கள், ஆனால் விழுந்தால் எழ மாட்டார்கள்.

அப்புறம், எனக்கு இன்னும் கோபம் ஆறாத விஷயம் ஒன்று. என் வீட்டுக்காரரின் சித்தி மகள், முப்பத்தொரு வயது, சர்க்கரை கிடையாது. ஓர் அழகு நிலையத்தில் வாங்கினாள். பேனா இல்லை, லேபிள் இல்லாத ஒரு சின்னக் குப்பி, கூட ஒரு இன்சுலின் சிரிஞ்ச். "பத்து இழு" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பத்து என்ன? கோடா, யூனிட்டா, மில்லிகிராமா? அவள் இழுத்தது எவ்வளவு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் ஓயாத வாந்தி. டிரிப் ஏற்றி மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பேனாவில் அளவை அதுவே பிடித்துக் கொடுக்கும். குப்பியிலிருந்து தானாக இழுத்துப் போட்டவர்கள் ஐந்து முதல் இருபது மடங்கு வரை ஏற்றிக்கொண்டதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024இல் எச்சரித்தது. போலி ஓசெம்பிக் பல நாடுகளில் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனமும் அதே வருடம் ஜூனில் அறிவித்தது. அவள் வெட்கப்பட்டு யாரிடமும் கேட்காமல் போனதுதான் இத்தனைக்கும் வேர். குடும்பத்தில் ஏற்கெனவே ஒருத்தி போடுகிறேன் என்று நான் வாய் திறந்து சொல்லியிருந்தால் என்னிடம் வந்திருப்பாள். அது என் மேல் உள்ள கடன்.

அவளுக்கு அடுத்த வருடம் கல்யாணம் என்பதால் இதையும் டாக்டரிடம் கேட்டு வைத்தேன்: பிள்ளை பெற நினைப்பவர்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மவுஞ்சாரோ ஆரம்பிக்கும்போதும் அளவு கூட்டும்போதும் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், ஒரு மாதத்துக்கு வேறு பாதுகாப்பும் தேவை. ஏதாவது அறுவைசிகிச்சை என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் சொன்ன அந்த 1,961 பேர் ஆய்வின் தொடர்ச்சியில், நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. குரல் நின்றால் பசி பழையபடி வரும், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் புடவை பொருந்த மூன்று மாதம் போட்டுவிட்டு விடுகிற பொருள் இல்லை இது. செலவையும் அப்படியே நீண்ட காலத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

பேனாவைப் பாதுகாப்பது இங்கே பெரிய வேலை. பிரிக்காத பேனா ஃபிரிட்ஜில், 2லிருந்து 8 டிகிரிக்குள், உறையாமல். மின்வெட்டு நாட்களில் அத்தையின் இன்சுலினை ஐஸ் கட்டிப் பெட்டியில் காப்பாற்றிய அனுபவம் எனக்குக் கைகொடுத்தது. இங்கே கோடையான பிப்ரவரி வெயிலில் காரில் விட்டால் அன்றோடு போயிற்று.

போன வெள்ளிக்கிழமை அதே மார்க்கெட்டில் அந்தக் கோயில் அக்காவைப் பார்த்தேன். கூட அவர் மகள், கையில் கீரைக்கட்டோடு. மகளிடம் சொல்லிவிட்டாராம். மகள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஆன்ட்டி, அம்மாவோட ஊசியை வைக்க ஒரு குளிர் பை வேணும், நீங்க எங்கே வாங்கினீங்க?" என்று. கடை மூடும் நேரம். மூன்று பேரும் அந்தக் கடைக்கே நடந்தோம்.